ஆச்சியும் சிங்காரமும் ஒரே நேரத்தில் கடித்தபோது

புதிதாகக் கிளினிக் திறந்த பல் டாக்டர் நாள் முழுக்க என்ன செய்வார் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். ஒன்றும் செய்ய மாட்டார். வயிற்றுவலி என்றால் டாக்டரிடம் ஓடுகிற நம் மக்கள், பல்வலி என்றால் முதலில் கிராம்பிடம் போவார்கள். அப்புறம் உப்புத் தண்ணீர். அப்புறம் மெடிக்கல் ஷாப் அண்ணன். இவர்கள் எல்லோரும் கைவிட்டு, கன்னம் ஒரு பக்கம் பன்னு மாதிரி வீங்கிய பிறகுதான் எங்கள் ஞாபகம் வரும். அப்போதும் மாமாவுக்குப் பல் பிடுங்கிய பழைய டாக்டரிடம்தான் போவார்கள். புது டாக்டரிடம் விலாசம் கேட்கத்தான் வருவார்கள்.

காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் நான் கிளினிக் திறந்தபோது எனக்கு வயது இருபத்தேழு. என்னிடம் ஒரு சான்றிதழ், மேலும் கீழும் போகிற ஒரு நாற்காலி, உதவிக்குப் பஞ்சவர்ணம் அக்கா, இவ்வளவும் இருந்தன. நோயாளிதான் இல்லை. (ஆத்தங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற இந்த அக்காவை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பல் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் எவ்வளவு தொல்லை தெரியுமா? ரத்தம் ஒற்றப் பஞ்சு கேட்டால் அக்கா வந்து நிற்பார். அக்காவைக் கூப்பிட்டால் பஞ்சுப் பொட்டலம் வரும்.)

அந்த நாற்காலியில் பெரும்பாலும் நான்தான் படுத்திருந்தேன். கையில் ஒரு வீடியோ கேம். விசித்திரமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிடுகிற விளையாட்டு. பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும், நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆடிக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் நெருப்பைக் கக்குகிற பறவை, இடியை இறக்குகிற டிராகன் என்று வளர்ப்பார்கள். நான் வளர்த்தது கீரி மாதிரி ஒரு பழுப்பு நிறப் பிராணி. முன்பல் இரண்டும் வாய்க்கு வெளியே நிற்கும். பார்த்ததும் தொழில் பாசம் பொங்கி, அதற்குச் சிங்காரம் என்று பெயர் வைத்தேன்.

சிங்காரத்துக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு தாக்குதல். கடி. ஓடிப் போய் எதிராளியைக் கடிக்கும், அவ்வளவுதான். நெருப்பு கிடையாது, மின்னல் கிடையாது. விளையாட்டு தொடங்கும்போதே கிடைக்கிற இந்தச் சாதாரணத் தாக்குதலைக் கொஞ்சம் விவரம் தெரிந்ததும் எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த விளையாட்டில் இரண்டு பிராணிகளும் மாறி மாறி அடிக்க வேண்டும். நம் பிராணி முந்திக்கொண்டு கடித்துவிட்டால், சில சமயம் எதிராளி மிரண்டு போய்த் தன் முறையையே கோட்டை விட்டுவிடும். எவ்வளவு பெரிய டிராகனாக இருந்தாலும் சரி, அந்த முறைக்கு அதன் வாய் அடைத்துவிடும். சிங்காரம் வேகக்காரன். முந்துவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

இப்படி நான் கற்பனைப் பிராணிகளின் பல்லை நம்பிக் காலம் தள்ளுவதைப் பார்த்த என் அப்பா, நெல் மூட்டையை ஏற்றிவிட்டு வருகிற வழியில் ஒருநாள் மாடி ஏறி வந்தார். கிளினிக்கை அவர் எப்போதும் கடை என்றுதான் சொல்வார்.

"மலரு, ஆடி பொறக்குறதுக்குள்ள ஆளு வரலேன்னா கடையச் சாத்திருவோம். மதுரைல பெரிய ஆஸ்பத்திரிக்காரக வேலைக்குக் கூப்புட்டாகல்ல, அங்குட்டுப் போயிரு."

"கொஞ்ச நாள் பொறுங்கப்பா. வருவாக."

"எங்க வாராக? கீழ பாத்திரக்கடைக்காரரு, மாடில யாரும் குடியிருக்காகளான்னு எங்கிட்டயே கேக்குறாரு."

அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். ஆடிவரை பார்க்கலாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரத்தில்தான் உமையாள் ஆச்சி வந்தார். ஆச்சி என்றதும் உலக்கையும் வெற்றிலைப் பெட்டியுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கொத்தமங்கலத்தில் தங்கள் குடும்பத்து வீட்டை ஹோட்டலாக மாற்றி, வெள்ளைக்காரர்களுக்குக் கோழி வறுவலும், கும்மாயம் என்கிற உளுத்தமாவு இனிப்பும் போட்டு நடத்துகிறவர். காரைத் தானே ஓட்டி வருவார். இரண்டு போன். இரண்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் திட்டுவார். சென்னையில் கட்டிய பல் கழன்று விழுந்துவிட்டது, திரும்ப அங்கே போக நேரமில்லை, பாத்திரக்கடைக்கு வந்தவர் மாடியில் போர்டைப் பார்த்துவிட்டார். என் வாழ்க்கையே அந்தப் பாத்திரக்கடையின் புண்ணியம்.

நாற்காலியில் சாய்ந்ததும் ஆச்சி சொன்னார்: "இந்தா பாரும்மா. பல்லு நல்லா வந்துச்சுன்னா எங்க வளவுல இருக்க சொந்தக்காரக அம்புட்டுப் பேரையும் இங்கதான் அனுப்புவேன். நல்லா வரலேன்னாலும் அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுவேன்."

கீழ்வரிசையில் இடது பக்கம், பக்கத்துப் பற்களைத் துணைக்கு வைத்து ஒரு பிரிட்ஜ் கட்ட வேண்டும். கட்டினேன். ஆச்சிக்குத் திருப்தி இல்லை. உயரமாக இருக்கிறது என்பார். தேய்த்தால், இப்போது நாக்கில் படுகிறது என்பார். கட்டிய பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு நீலத் தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் நான் அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொல்வேன். "கடிங்க. நல்லா அழுத்திக் கடிங்க. விடாதீங்க, இன்னும் கொஞ்சம்." ஆச்சி கடிப்பார். சிவகங்கை ஜில்லாவில் யார் பேச்சையும் கேட்காத உமையாள் ஆச்சி, என் குரல் கேட்டால் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் கடித்தார். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. (வீட்டில் என் பேச்சைப் பூனைகூடக் கேட்காது.)

கடைசியில் ஒருவழியாகப் பொருந்தியது. தற்காலிகப் பசையில் ஒட்டி, ஒரு வாரம் பழகிப் பாருங்கள், அப்புறம் நிரந்தரமாக ஒட்டலாம் என்றேன். "கடினமா எதையும் கடிக்கக் கூடாது ஆச்சி. முக்கியமா சீப்புச்சீடை."

"கடிச்சா?"

"பல்லு கையோட வந்துரும்."

ஆச்சி முகம் வாடிவிட்டது. கடக் கடக்கென்று கடிக்க வேண்டிய அந்தச் செட்டிநாட்டுப் பலகாரம் இல்லாத ஒரு வாரம் அவருக்கு அனேகமாக முதல் முறை.

அந்த வாரம்தான் பஞ்சு அக்கா போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். கொத்தமங்கலத்து ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் போட்டி. நான் ஆடுகிற அதே விளையாட்டு. கோடையில் வெள்ளைக்காரர்கள் வருவதில்லை, அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளை இழுக்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஆச்சியின் மகன் வள்ளியப்பன் செய்த ஏற்பாடு.

"போலாமா டாக்டரு? இங்குட்டு ஒக்காந்து என்ன செய்யப் போறோம்?" என்றார் அக்கா.

"ஆச்சி பாத்தா?"

"ஆச்சி கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரு போறாகளாம். அவுக டிரைவரு சொன்னாரு." (தானே கார் ஓட்டுகிறவருக்கு டிரைவர் எதற்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. நமக்குப் பிடித்த செய்தியை நாம் விசாரிப்பதில்லை.)

இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் மீதே மரியாதை குறைகிறது. மாஸ்க் போட்டால் அடையாளம் தெரியாது என்பது மற்ற தொழில்காரர்களுக்குத்தான். ஆச்சி என்னை மாஸ்க்கோடுதான் பார்த்திருக்கிறார். மாஸ்க் இல்லாமல் போயிருந்தால் யாரோ என்று விட்டிருப்பார்.

முன்வரிசையில், நட்ட நடுவில், ஆச்சி உட்கார்ந்திருந்தார். கல்யாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையாம்.

திரும்பிவிடலாம் என்று நான் கதவைப் பார்த்தபோது வள்ளியப்பன் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டர் என்று சேர்க்காமல் வெறும் மலர் என்று பதிந்திருந்தது மட்டும்தான் அன்றைய என் புத்திசாலித்தனம். ஆச்சி என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

கூடத்தின் ஒரு சுவரில் பெரிய திரை. ஆடுகிறவர்கள் மேடை மாதிரி ஒரு இடத்தில் நின்று, காதில் மாட்டிய மைக்கில் தங்கள் தாக்குதலை உரக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும் என்று வள்ளியப்பனுக்கு ஒரு எண்ணம். எல்லோரும் எரிமலை என்றும் இடிமழை என்றும் முழங்கினார்கள். நான் "கடி" என்றேன். கூடமே சிரித்தது. அடுத்த முறையும் "கடி". அப்புறமும் "கடி". நான் ஜெயிக்க ஜெயிக்கச் சிரிப்பு குறைந்தது. மேலே மேலே போய் இறுதிப் போட்டிக்கு வந்தபோது, பின்வரிசைப் பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே "கடி" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள்.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றவன் தேவகோட்டைப் பையன், இன்ஜினியரிங் படிக்கிறவன், பெயர் பிரவீன். அவனுடைய டிராகன் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் என் சிங்காரம், புயலில் சிக்கிய தேங்காய் நார் மாதிரி இருந்தான். அதன் ஒரே அடி போதும், சிங்காரம் காலி.

"ஆன்ட்டி, உங்ககிட்ட வேற அட்டாக்கே இல்லையா?" என்றான் பிரவீன். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் மைக்கில் கேட்டான்.

இருபத்தேழு வயதில் முந்நூறு பேருக்கு முன்னால் ஆன்ட்டி ஆவது என்பது எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்குள் ஏதோ ஒன்று சூடேறியது. "இது போதும் தம்பி" என்றேன்.

கடி. சிங்காரம் பாய்ந்தான், டிராகன் மிரண்டது. தன் முறையைக் கோட்டை விட்டது. மறுபடி கடி. மறுபடி மிரண்டது. கூடம் எழுந்து நின்றுவிட்டது. டிராகனின் உயிர்க்கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பிரவீன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பஞ்சு அக்கா ஓரத்தில் நின்று இரண்டு கையையும் கூப்பியிருந்தார். நான் அப்போது டாக்டர் இல்லை, மலர் இல்லை, இந்த உலகத்திலேயே இல்லை. பொத்தானை அழுத்தினேன். என்ன சொல்கிறேன் என்று தெரியாமல், எனக்குப் பழகிய குரலில், பழகிய மரியாதையோடு, மைக்கில் கத்தினேன்:

"கடிங்க. நல்லா அழுத்திக் கடிங்க. விடாதீங்க, இன்னும் கொஞ்சம்."

முன்வரிசையிலிருந்து 'நொறுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

திரும்பினேன். ஆச்சியின் கையில் பாதிச் சீப்புச்சீடை இருந்தது. விருந்தினருக்குத் தட்டில் வைத்துச் சுற்றிவந்ததில் ஒன்றை எடுத்து, தின்பதா வேண்டாமா என்று அவ்வளவு நேரமும் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். என் குரல் கேட்டதும் கடித்துவிட்டார். இடது பக்கத்தில். நான் எத்தனையோ நாள் பழக்கிய அதே இடத்தில். கடித்த வாய் அப்படியே நின்றது. கை மெல்லக் கன்னத்துக்குப் போனது.

எனக்கு மதுரை ஆஸ்பத்திரியின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்து நான் செய்ததை நிதானமாக யோசித்துச் செய்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன். கையில் இருந்ததைக் கீழே போட்டேன். மேடையிலிருந்து குதித்தேன். வழவழப்பான தரையில் கால் வழுக்கி, கடைசிக் கொஞ்ச தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்து ஆச்சியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அதாவது, மண்டியிட்டேன்.

"பஞ்சு" என்று கத்தினேன். ஆச்சரியமாக, இரண்டுமே வந்தன. கைப்பையில் பஞ்சுப் பொட்டலத்தோடு அக்கா வந்து போன் விளக்கைப் பிடித்தார். நான் கையைத் துடைத்துவிட்டு, "ஆச்சி, வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிரிட்ஜைத் தொட்டேன். அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வெறும் தற்காலிகப் பசை, பாறை மாதிரி நின்றது. சீடைதான் தூளாகியிருந்தது.

நான் மேடையில் இல்லாத அந்த நேரத்தில் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியாக அழுத்திய கடியில் டிராகன் மறுபடி மிரண்டிருக்கிறது. அடுத்த முறை வந்தபோது அழுத்த ஆள் இல்லை. இந்த விளையாட்டில் நேரத்துக்குள் நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், வரிசையில் முதலில் இருக்கிற தாக்குதலை அதுவே எடுத்துக்கொள்ளும். சிங்காரத்துக்கு முதலில் இருந்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் பாட்டுக்கு ஓடினான், கடித்தான். டிராகன் ஆடி அசைந்து மல்லாந்து விழுந்தது.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் ஓவென்று கத்தினார்கள். நான் சாம்பியன். அந்தச் சத்தத்தில் ஆச்சி திடுக்கிட்டார். திடுக்கிட்டு, வாயை மூடினார்.

என் விரல்கள் உள்ளேதான் இருந்தன.

"ஆச்சி, விடுங்க. ஆச்சி, விட்ருங்க" என்று நான் அலறியது காதில் இருந்த மைக் வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் அதையும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்து "கடி, கடி" என்று உற்சாகப்படுத்தினார்கள். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் கோப்பையும் முதல் கடியும் ஒரே நிமிஷத்தில் கிடைத்தன. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூளையின் ஒரு ஓரம் மட்டும், 'கடி நல்லா சமமா இறங்குது, உயரம் சரியா இருக்கு' என்று குறித்துக்கொண்டது.

ஆச்சி வாயைத் திறந்தார். என் விரலைப் பார்த்தார். தன் கையில் இருந்த பாதிச் சீடையைப் பார்த்தார். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் மாஸ்க்கைக் கீழே இறக்கி முகத்தைப் பார்த்தார்.

"நீ இம்புட்டு அழகா இருக்கியே, இத ஏன் மூடி வச்சிருக்க?" என்றார்.

நான் அழவா சிரிக்கவா என்று யோசிப்பதற்குள் என் காதிலிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். கூடம் அடங்கியது. போட்டி மகனுடையதுதான், ஆனால் ஆச்சி எழுந்தால் யாரும் பேச மாட்டார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தப் புள்ள காரைக்குடில பல்லு டாக்டரு. மெட்ராஸ்ல பெரிய டாக்டரு கட்டுன பல்லு, இட்டிலி தின்னப்ப விழுந்துச்சு. இவ கட்டுன பல்லுல இப்ப சீப்புச்சீடை கடிச்சேன். இவ விரலயும் கடிச்சேன். ரெண்டுக்கும் அசையல." கொஞ்சம் நிறுத்தி, "விரலு எப்புடியிருக்குன்னு அவளக் கேளுங்க" என்றார்.

கோப்பையை வாங்க மேடைக்குப் போனபோது என் வலது கையில் பஞ்சு சுற்றியிருந்தது. இடது கையால் வாங்கினேன். கை கொடுக்க வந்த பிரவீன், பஞ்சைப் பார்த்துவிட்டு வணக்கம் போட்டான். "சாரி டாக்டர்" என்றான். ஆன்ட்டியிலிருந்து டாக்டருக்கு உயர ஒரு டிராகனைக் கொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் கிளினிக் மாடிப்படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் வளவிலிருந்து மட்டுமில்லை, சம்பந்தி வீட்டிலிருந்தும் அனுப்பினார். பிரவீன் தன் அம்மாவைக் கூட்டி வந்தான். பாத்திரக்கடைக்காரர் மேலே வந்து, கூட்டத்தில் தன் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைய முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்படியே தன் கடைவாய்ப் பல்லையும் காட்டினார்.

அப்பா மதியம் வந்தவர் படியேற இடமில்லாமல் கீழேயே நின்றார். யாரோ அவரிடம், "டோக்கன் வாங்குனீகளா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மதுரையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. சொந்தக்காரர் விசேஷங்களில் மட்டும் என்னைக் காட்டி, "எம்மக பல்லு டாக்டரு. கடிச்சுப் பாத்துத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாக" என்பார். பந்தியில் என் பக்கத்தில் உட்காருகிற சித்தப்பாக்கள் கையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பிறகு என் கல்யாணத்தில், தாலி கட்டிய கையோடு பால் பழம் ஊட்டும் நேரத்தில், மாப்பிள்ளையின் காதில் அப்பா ஏதோ சொல்ல, அவர் என் வாயருகே கொண்டுவந்த பழத்தைக் கரண்டிக்கு மாற்றிய போட்டோ எங்கள் கல்யாண ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது. ஒரே ஒரு சிக்கல். அன்றைய கூட்டத்தில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான், போனில் வழி காட்டுகிற வரைபடத்தில் என் கிளினிக்கின் பெயரைக் 'கடி டாக்டர்' என்று ஏற்றிவிட்டார். எவ்வளவோ முயன்றும் மாற்ற முடியவில்லை. அதனால் வாரத்துக்கு ஒருவராவது தப்பான காரணத்துக்கு மாடியேறி வந்துவிடுகிறார்.

போன வாரமும் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார்.

"டாக்டரம்மா இருக்காகளா? நாய் கடிச்சிருச்சு."

பஞ்சு அக்கா டோக்கன் எழுதுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"கடி வாங்குனவுக கவருமெண்டு ஆஸ்பத்திரிக்கு ஒடனே போங்க, ஊசி போடுவாக. இங்க கடிக்கிறவுகளுக்குத்தான் வைத்தியம். நாய்க்குப் பல்லு கில்லு ஆடுச்சுன்னா கூட்டிட்டு வாங்க, பாப்பாக."